இருபது நிமிடம் குளிர்ந்துவிட்டு நின்றுபோகும் கார் ஏசி: கோளாறு கேஸில் இல்லை

வண்டியை எடுத்த முதல் இருபது நிமிடம் ஏசி ஜில்லென்று இருக்கும். அப்புறம் காற்றின் வேகம் கொஞ்சமும் குறையாமல் குளிர் மட்டும் போய்விடும். வெதுவெதுப்பான, லேசாக ஈரவாடை வீசும் காற்று வர ஆரம்பிக்கும். அரைமணி நேரம் நிறுத்திவைத்துவிட்டுத் திரும்ப எடுத்தால் மறுபடி ஜில்லென்று வரும். மூன்று வாரமாக இதே கதை. அம்மாவை வாரம் இருமுறை சிகிச்சைக்கு அழைத்துப்போகிறேன், ஒரு மணி நேரப் பயணம். பாதி வழிக்குமேல் அவர் சேலைத் தலைப்பால் விசிறிக்கொண்டு வருவதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

முதலில் ஒரு பட்டறைக்குத்தான் கொண்டுபோனேன். இன்ஜினை அணைத்த நிலையில் கேஸின் அழுத்தத்தைக் காட்டும் கேஜை மாட்டிப் பார்த்துவிட்டு, "கேஸ் கம்மியா இருக்கு சார்" என்று சொல்லி 200 கிராம் கேன் ஒன்றை ஏற்றிவிட்டார்கள். பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது. திரும்பி வரும்போது பதினைந்தாவது நிமிடத்திலேயே குளிர் நின்றுவிட்டது. முன்பு இருபது, இப்போது பதினைந்து. கேஸ் குறைவுதான் காரணம் என்றால், ஏற்றியபின் எப்படி இன்னும் சீக்கிரம் நிற்கும்? இந்தக் கேள்வியை நோட்டில் எழுதிவைத்துக்கொண்டுதான் நானே இறங்கினேன்.

ஏசி கேஸ் பெட்ரோல் மாதிரி செலவாகும் பொருள் இல்லை. மூடிய குழாய்ச் சுற்றுக்குள் அதே கேஸ்தான் ஆண்டுக்கணக்கில் சுற்றிவருகிறது. ரப்பர் ஹோஸ் வழியாகவும், கேஸை அமுக்கிச் சுற்றவைக்கும் கம்ப்ரசரின் ஷாஃப்ட் சீல் வழியாகவும் ஆண்டுகள் போகப்போகக் கொஞ்சம் கசியும், அது இயல்பு. மற்றபடி கேஸ் குறைந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது என்று அர்த்தம். இன்னொன்று, கேஸ் குறைவாக இருந்தால் முதல் நிமிடத்திலிருந்தே குளிர் மந்தமாகத்தான் இருக்கும். இருபது நிமிடம் முழுக் குளிர் கொடுத்துவிட்டு ஒரேயடியாக நிற்பது கேஸ் குறைவின் குணமே இல்லை.

கருவி எதையும் தொடுமுன் சில்லறை விஷயங்களை முடித்துக்கொண்டேன். கேபின் ஃபில்டர் சுத்தமாக இருந்தது. கேஸின் சூட்டை வெளியே விடும் கண்டென்சரின் தகடுகளுக்கிடையே இருந்த பூச்சியையும் தூசியையும் தண்ணீர் விட்டு, அழுத்தம் இல்லாமல், உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகக் கழுவினேன். ஏசி போட்டதும் கண்டென்சர் ஃபேன் ஓடுகிறது. ஹீட்டருக்குப் போகும் வெந்நீர்க் குழாயைத் துணி சுற்றிய கிளாம்பால் இறுக்கி ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன். டாஷ்போர்டுக்குள் சூடும் குளிரும் கலக்கும் மடல் கெட்டுப்போய் வெப்பம் உள்ளே வருகிறதென்றால் இதில் தெரிந்துவிடும். எந்த மாற்றமும் இல்லை.

சரி, "குளிர்ந்து குளிர்ந்து நிற்பது" என்ற இந்த அறிகுறிக்கு என்னென்ன காரணம் இருக்க முடியும்? இங்கேதான் நிறைய நேரம் செலவழித்தேன், அது வீண்போகவில்லை.

டாஷ்போர்டுக்குள் காற்றைக் குளிரவைக்கும் இவாப்பரேட்டரில் பனிக்கட்டி படிவது ஒன்று. தகடுகளின் வெப்பநிலையைப் பார்க்கும் தெர்மிஸ்டர் கெட்டுப்போனால் கம்ப்ரசர் நிற்காமல் ஓடி, இவாப்பரேட்டர் உறைந்து அடைத்துக்கொள்ளும். ஆனால் அப்போது குளிரோடு சேர்ந்து காற்றின் வேகமும் குறையும். நிறுத்தியபின் வண்டிக்கு அடியில் வழக்கத்தைவிட அதிகமாகத் தண்ணீர் கொட்டும். என் வண்டியில் காற்று குறையவே இல்லை.

இரண்டாவது, சுற்றுக்குள் ஈரம். இவாப்பரேட்டருக்குள் கேஸை அளந்து விடும் எக்ஸ்பேன்ஷன் வால்வின் நுண்ணிய துளையில் அந்த ஈரம் உறைந்து வழியை அடைத்துவிடும். நிறுத்திவைத்தால் கரைந்து சரியாகிவிடும். அறிகுறி என்னுடையதைப் போலவே இருக்கும். வித்தியாசம் கேஜில் தெரியும்: கம்ப்ரசருக்குள் கேஸ் திரும்பி வரும் குறைந்த அழுத்தப் பக்கம், அதாவது லோ பக்கம், வேக்குவம் (வெற்றிடம்) வரை இறங்கும்.

மூன்றாவது, கம்ப்ரசரிலிருந்து கேஸ் வெளியேறும் ஹை பக்கத்தில் அழுத்தம் எல்லை தாண்டி பிரஷர் சுவிட்ச் மின்சாரத்தைத் துண்டிப்பது. நான்காவது, சூடானதும் ரிலேயோ வயரோ காலைவாரிவிடுவது. இந்த இரண்டிலும், கம்ப்ரசரைப் பெல்ட் சுற்றும் புல்லியோடு சேர்த்தும் பிரித்தும் விடும் கிளட்சுக்கு மின்சாரம் வந்து சேராது. ஐந்தாவதாக, மின்சாரம் வந்து சேர்ந்தும் கிளட்ச் பிடிக்காமல் போவது.

ஆக, குளிர் நின்ற அந்த நேரத்தில் மூன்று விஷயம் தெரிந்தால் போதும். கேஜ் என்ன காட்டுகிறது, கிளட்ச் சுற்றுகிறதா, கிளட்ச் வயரில் வோல்ட் இருக்கிறதா. குளிர்ந்துகொண்டிருக்கும் நேரத்தில் பட்டறைக்குக் கொண்டுபோய்க் காட்டினால் எவ்வளவு நல்ல மெக்கானிக்காக இருந்தாலும் கண்டுபிடிப்பது கஷ்டம். கோளாறு எட்டிப்பார்க்கும் வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை மதியம், நிழலில் 34 டிகிரி. தம்பியை ஸ்டீயரிங் பக்கம் உட்கார வைத்தேன். கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொண்டேன். என் வண்டியில் இருப்பது ஆர்-134ஏ கேஸ். சாதாரணக் காற்றழுத்தத்தில் அது மைனஸ் 26 டிகிரியிலேயே கொதிக்கும். கண்ணில் ஒரு பீச்சு பட்டால் பார்வைக்கே ஆபத்து, இதில் அலட்சியம் கூடாது. லோ, ஹை பக்க இணைப்புகளின் அளவு வேறு வேறு என்பதால் கேஜ் ஹோஸை மாற்றி மாட்டிவிட முடியாது. அது ஒரு நிம்மதி.

இன்ஜினை ஓட்டாமல் பார்த்தபோது இரண்டு முள்ளும் சுமார் 110 பிஎஸ்ஐயில் (அழுத்தத்தின் அலகு) நின்றன. பட்டறையில் பார்த்ததும் இதைத்தான். இந்த எண் கேஸின் அளவைச் சொல்லாது. 34 டிகிரியில் ஆர்-134ஏ திரவமும் ஆவியும் சேர்ந்திருக்கும் எந்தப் பாத்திரத்திலும் அழுத்தம் இதே 110தான் இருக்கும். உள்ளே 200 கிராம் இருந்தாலும் 600 கிராம் இருந்தாலும், ஒரு சொட்டு திரவம் மிச்சம் இருக்கும்வரை முள் அசையாது. எரிவாயு சிலிண்டரும் அப்படித்தான், தீரும்வரை ஒரே மாதிரி எரியும். எவ்வளவு மிச்சம் என்று தெரிய வேண்டுமானால் தூக்கித்தான் பார்க்க வேண்டும். கார் ஏசியில் கேஸ் சரியான அளவில் இருக்கிறதா என்பதற்கு எடைதான் உறுதியான பதில். பானெட்டுக்கு அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் எத்தனை கிராம் என்று போட்டிருப்பார்கள். என் வண்டிக்கு 450.

இன்ஜினை ஓடவிட்டு, ஏசியை முழுக் குளிரில், உள்காற்று சுழலும்படி வைத்து, நடு வென்டில் தெர்மாமீட்டரைச் செருகினேன். லோ பக்கம் 52, ஹை பக்கம் 310, வென்டில் 13 டிகிரி. இந்த வெயிலுக்கு லோ பக்கம் 30 முதல் 40 வரை, ஹை பக்கம் 200 முதல் 250 வரை இருந்தால் எனக்குச் சரியென்று படும். இங்கே இரண்டும் கூடுதல். கண்டென்சர் சுத்தம், ஃபேனும் ஓடுகிறது, அப்படியிருந்தும் இரண்டும் கூடுதல் என்றால் கேஸ் அளவுக்குமேல் போயிருக்கிறது, அல்லது காற்று கலந்திருக்கிறது. குறைவு என்று ஏற்றிய இடத்தில் கேஜ் இப்படிக் காட்டியது. அதை நோட்டில் எழுதிக்கொண்டு காத்திருந்தேன்.

பதினேழாவது நிமிடம். கம்ப்ரசர் வழக்கம்போல ஒருமுறை நின்றது. தெர்மிஸ்டர் சொல்லி நிற்பது, அது சாதாரணம். சில வினாடியில் "டக்" என்ற சத்தத்தோடு கிளட்ச் மறுபடி பிடிக்க வேண்டும். சத்தம் வரவில்லை. லோ முள் மேலே ஏற, ஹை முள் கீழே இறங்க, இரண்டும் நடுவில் சந்தித்துக்கொண்டன. கம்ப்ரசர் அமுக்கவில்லை. லோ பக்கம் வேக்குவத்துக்குப் போகவில்லை, ஆகவே ஈரம் உறையும் கதை இல்லை. டார்ச்சை அடித்துப் பார்த்தால் பெல்ட் சுற்றும் புல்லி ஓடிக்கொண்டிருக்கிறது, அதன் முகத்தில் இருக்கும் கிளட்ச் தட்டு அசையாமல் நிற்கிறது.

உடனே முன்கூட்டியே கிளட்ச் இணைப்பின் பின்பக்கத்தில் செருகிவைத்திருந்த மல்டிமீட்டர் ஊசிகளைப் பார்த்தேன். 13.2 வோல்ட். பேட்டரியில் 13.6. ரிலே, பிரஷர் சுவிட்ச், வயர், கம்ப்யூட்டர் எல்லாம் தங்கள் வேலையைச் செய்துவிட்டன. மின்சாரம் வாசல்வரை வந்திருக்கிறது, கிளட்ச்தான் கதவைத் திறக்கவில்லை.

நீளமான மரக்கட்டை ஒன்றின் நுனியால், பெல்ட்டுக்கும் ஃபேனுக்கும் விலகி நின்று, தட்டின் முகத்தை லேசாகத் தள்ளினேன். "டக்!" தட்டு ஒட்டிக்கொண்டு சுற்றியது, முட்கள் பிரிந்தன, வென்டில் குளிர் திரும்பியது. தம்பி உள்ளேயிருந்து கத்தினான், "வந்துடுச்சுண்ணா!" தொங்கும் சட்டைக்கை, கழுத்துத் துண்டு எதுவும் இல்லாமல், இடம் தாராளமாக இருந்தால் மட்டுமே இதைச் செய்ய வேண்டும். என் வண்டியில் இடம் இருந்தது. சில வண்டிகளில் கம்ப்ரசர் இருக்கும் இடத்துக்குக் கட்டையை நீட்டவே கூடாது.

ஏன் சூடானால் மட்டும் பிடிக்கவில்லை? கிளட்சுக்குள் இருப்பது ஒரு மின்காந்தக் காயில். இன்ஜினை அணைத்து, சூட்டோடு காயிலை அளந்தேன்: 4.8 ஓம். மறுநாள் காலை ஆறியபின் அளந்தால் 3.7. செம்புக் கம்பி சூடாகும்போது தடை கூடுவது இயற்கை. ஆனால் அதன் விளைவைப் பாருங்கள். காலையில் மூன்றரை ஆம்பியர் பாயும் காயிலில் சூட்டில் 2.75 ஆம்பியர்தான் பாய்கிறது. காந்தத்தின் இழுவிசை மின்னோட்டத்தின் இருமடியைப் பொறுத்தது என்பதால், சுமாராக அறுபது சதவீதமாகக் குறைந்துவிடுகிறது. புதுக் கிளட்சுக்கு இது ஒரு பொருட்டே இல்லை. ஆனால் இழுவிசை தட்டுக்கும் புல்லிக்கும் நடுவே உள்ள இடைவெளியையும் பொறுத்தது, இங்கே தலைகீழாக. இடைவெளி இருமடங்கானால் இழுப்பு ஏறத்தாழ கால்வாசிதான். தட்டும் புல்லியும் உரசி உரசித் தேயத்தேய இந்த இடைவெளி கூடிக்கொண்டே போகும்.

ஒருமுறை ஒட்டிக்கொண்டால் இடைவெளியே இல்லை, அதனால் ஒட்டியிருக்கும்வரை கிளட்ச் தாக்குப்பிடிக்கும். தெர்மிஸ்டர் ஒருமுறை நிறுத்திவிட்டு மறுபடி ஒட்டச் சொல்லும்போதுதான் தூரத்திலிருந்து இழுக்க வலு இல்லாமல் தோற்கிறது. பட்டறைக்குப் போய் வந்தபின் ஏன் சீக்கிரம் நின்றது என்பதும் இங்கேயே விளங்கியது. கேஸ் கூடி ஹை பக்கம் 310 வரை ஏறினால் கம்ப்ரசரைச் சுற்றக் கூடுதல் வலு தேவை. ஒவ்வொரு முறை பிடிக்கும்போதும் தட்டு கொஞ்சம் வழுக்கும், வழுக்கினால் சூடு, சூட்டில் காயில் இன்னும் பலவீனமாகும். நோட்டில் எழுதிவைத்த கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது.

ஃபீலர் கேஜின் மெல்லிய அளவுத் தகடுகளைச் செருகி மூன்று இடத்தில் இடைவெளியை அளந்தேன். தட்டு எப்போதும் சமமாக இருக்காது, ஒரு இடத்தில் அளந்து நிறுத்திவிடக் கூடாது. 0.85, 0.90, 0.80 மி.மீ. என் வண்டியின் சர்வீஸ் மேனுவல் கேட்பது 0.35 முதல் 0.60 வரை.

கழற்றும் வேலை பயந்த அளவுக்கு இல்லை. பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, வண்டியைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, முன் வலது சக்கரத்தையும் உள்தடுப்பையும் எடுத்தால் கம்ப்ரசர் முகம் நேராகத் தெரிகிறது. நடுவில் பத்து மி.மீ. தலை போல்ட் ஒன்று. தட்டு சுற்றாமல் பட்டை ஸ்பேனரால் பிடித்துக்கொண்டு அதைக் கழற்ற வேண்டும். தட்டு ஷாஃப்டின் பள்ளங்களில் இறுகி நின்றது. ஸ்க்ரூ டிரைவரை இடுக்கில் விட்டு நெம்பினால் தட்டு வளைந்துவிடும், அப்புறம் இடைவெளியைச் சரிசெய்யும் ஷிம் எதுவும் உதவாது. தட்டின் நடுத்துளையில் கொஞ்சம் பெரிய மரை இருக்கிறது. அதற்குப் பொருந்தும் போல்ட்டைச் செலுத்த, அது ஷாஃப்டை உந்தித் தட்டைத் தானாக வெளியே தள்ளியது.

தட்டின் உரசும் முகத்தில் ஒரு வளையம் நீலம் பாய்ந்திருந்தது. வழுக்கிச் சூடேறியதற்கு நேரடிச் சாட்சி. கரடுமுரடான பள்ளம் இல்லை, விரிசல் இல்லை, அதனால் நைஸ் எமரித் தாளால் லேசாகத் தேய்த்துத் துணியால் துடைத்தேன். புல்லியைக் கையால் சுற்றிப் பார்த்தேன், பேரிங் சத்தமில்லை, ஆட்டமும் இல்லை. பேரிங் கரகரத்திருந்தால் கிளட்ச் முழுவதையும் மாற்றியிருப்பேன்.

ஷாஃப்டின் தோளில் இரண்டு ஷிம் இருந்தன, மெல்லிய வாஷர் போல. ஒன்று 0.5, இன்னொன்று 0.3. சில சமயம் துருவோடு தட்டின் உள்ளேயே ஒட்டிக்கொண்டு வெளியே தெரியாமல் இருக்கும், தேடி எடுக்க வேண்டும். 0.5 ஷிம்மை எடுத்துவிட்டு மாட்டிப் பார்த்தேன்: 0.35, 0.40, 0.30. ஒரு இடம் குறைந்துவிட்டது. இடைவெளி அளவுக்குக் கீழே போனால் ஏசியை அணைத்தபின்னும் தட்டு புல்லியில் உரசிக்கொண்டே இருக்கும், அது மறுபடி சூடு. ஷிம் பொட்டலத்தில் இருந்த 0.1 ஒன்றைச் சேர்த்தேன். 0.45, 0.50, 0.40. போல்ட்டை மேனுவலில் சொன்ன டார்க்குக்கு (முறுக்கும் அளவுக்கு) மேல் ஒரு இழுப்பும் இழுக்கவில்லை. சின்ன போல்ட், தலை முறிந்தால் கம்ப்ரசரையே இறக்க வேண்டிவரும்.

எல்லாவற்றையும் பூட்டி, பேட்டரியை இணைத்து, மதிய வெயிலில் ஒரு மணி நேரம் ஓடவிட்டேன். சூடு நன்றாக ஏறியபின் ஏசியைப் பத்துமுறை அணைத்து அணைத்துப் போட்டேன். பத்துமுறையும் "டக்".

குளிர் மட்டும் இன்னும் 13 டிகிரிதான். ஹை பக்கம் 310க்குக் குறையவில்லை. கூடுதலாக ஏற்றிய கேஸ் உள்ளேயே இருக்கிறதே. வால்வை அமுக்கிக் காற்றில் விட்டுவிடலாம் என்று சொல்லும் ஆட்கள் இருக்கிறார்கள், நான் அதைச் செய்யமாட்டேன். ஆர்-134ஏ ஓசோனைத் துளைக்காது, ஆனால் புவியைச் சூடேற்றுவதில் ஒரு கிலோ ஆர்-134ஏ, நூறு ஆண்டுக் கணக்கில், ஆயிரம் கிலோவுக்குமேல் கரியமில வாயுவுக்குச் சமம். அதோடு எவ்வளவு வெளியே போனது, எவ்வளவு எண்ணெயை இழுத்துக்கொண்டு போனது என்று தெரியாமல் மறுபடி குருட்டுக் கணக்கில்தான் நிற்போம்.

கேஸை உறிஞ்சி எடைபோடும் மெஷின் வைத்திருக்கும் இன்னொரு பட்டறைக்குக் கொண்டுபோனேன். மெஷின் காட்டிய எடை 610 கிராம். முதல் பட்டறை ஏற்றிய 200ஐக் கழித்தால், அதற்குமுன் சுற்றில் 410 கிராம் இருந்திருக்கிறது. இத்தனை ஆண்டில் நாற்பது கிராம் குறைந்திருக்கிறது, அவ்வளவுதான். குளிர் நிற்க அது காரணமே இல்லை.

அங்கே முக்கால் மணி நேரம் வேக்குவம் இழுக்கச் சொன்னேன். வேக்குவம் ஆழமாக இறங்கினால் உள்ளே ஒட்டியிருக்கும் ஈரம் சாதாரண வெயில் சூட்டிலேயே கொதித்து ஆவியாகி வெளியே வந்துவிடும். ஐந்து நிமிடம் இழுத்து முடித்தால் காற்று மட்டும்தான் போகும், ஈரம் அங்கேயே தங்கிவிடும். அப்புறம் பம்பை நிறுத்தி இருபது நிமிடம் முள்ளைக் கவனித்தோம், அசையவில்லை. கேஸோடு வெளியே வந்த எண்ணெய் எவ்வளவோ அதே அளவு, அதே வகை எண்ணெயைத் திரும்பக் கொடுத்து, 450 கிராம் கேஸை எடைபோட்டு ஏற்றினார்கள்.

அன்று மதியமும் 34 டிகிரி. லோ பக்கம் 34, ஹை பக்கம் 215, நடு வென்டில் 7 டிகிரி.

போன வாரம் இரண்டு பயணத்திலும் குளிர் நிற்கவில்லை. இரண்டாவது பயணத்தில் அம்மா பாதி வழியிலேயே சேலைத் தலைப்பைத் தோளைச் சுற்றிப் போர்த்திக்கொண்டு, "கொஞ்சம் குறைடா" என்றார். ப்ளோயரை ஒரு புள்ளி குறைத்தேன்.

மூன்று இடைவெளி அளவுகளையும் தேதியோடு ஒரு சீட்டில் எழுதிக் கேஸ் ஸ்டிக்கருக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். உள்ளே இப்போது மிச்சம் இருப்பது 0.3ம் 0.1ம். அடுத்த கோடை தொடங்குமுன் மறுபடி அளப்பேன். அந்த ஷிம்களையும் எடுக்கவேண்டிய அளவுக்குத் தட்டு தேய்ந்துவிட்டால், தட்டு, புல்லி, காயில் மூன்றையும் சேர்த்துப் புதிதாகப் போட வேண்டியதுதான். அதற்கும் சுற்றைத் திறக்கவோ கேஸைத் தொடவோ அவசியம் இருக்காது.